சிந்தாமணி நிறைவு விழாவில் ஒரு தமிழாசிரியர்

பழந்தமிழ் நூல்கள் ஓலைச் சுவடிகளினின்று அச்சேறிய வரலாற்றைக் கூறுவோர், சுவடி தேடிய அறிஞரின் உழைப்பை விரிவாகப் பேசுவர். அச்சுவடிகளின் பொருளை வழிவழியாகப் போற்றி வந்த எளிய மக்களைப் பற்றிய பேச்சு அத்துணை மிகுதியாக எழுவதில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லம் ஒன்றில் உ.வே. சாமிநாதையர் கண்ட காட்சி, அம்மக்களையும் நினைக்கச் செய்வதாகும்.

1855ஆம் ஆண்டிற் பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் வகித்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவியில் 1880இல் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூர் முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சென்று கண்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனத் தாம் பயின்றவற்றையெல்லாம் எடுத்துரைத்தார். முதலியார் வியக்கவில்லை. இவற்றிற்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என வினவிச் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பெயர் சுட்டினார். பின்னர்ச் சிந்தாமணிப் படி ஒன்றையும் அளித்துப் பாடஞ் சொல்ல வேண்டினார்.

திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியம் 13 இலம்பகங்களால் ஆயது; அச்சுப் பதிப்பின்படி 3145 செய்யுட்களைக் கொண்டது. நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தும், ஐயருக்கு அது எளிதில் வழிவிடவில்லை. இலக்கணம் வல்லவர் சொற்களைப் பிரித்துவிடலாம். சொல்லுக்குப் பின் நிற்கும் சமயக் கோட்பாட்டை அறியாதார் பொருளைத் தொடுதல் அரிது. சைவப் புலவரைக் கேட்டுத் தெளிதற்கும் வழியில்லை. சிந்தாமணியில் ஈடுபட்ட சோழன் மனத்தைத் திருப்பவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்னும் வரலாறு அவர்களிடையே வழங்கியது. அங்ஙனம் விலக்கப்பட்ட நூலைப் பாடஞ் சொல்ல அவர்களுள் யார் முன்வருவர்?

ஐயர் சமணரையே நாடினார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பத்தினருள் சந்திரநாத செட்டியார் முதலியோரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. ஒருநாள் ஐயங்களைக் கேட்டறிய அவர்களைத் தேடிச் சென்றபோது, வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருந்தது, விழாக்கோலம் விளங்கியது. என்ன சிறப்பென்று வினவினார். பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்துப் பொருள் கேட்டு வந்ததாகவும், அன்று அது நிறைவெய்தியதாகவும் விடை வந்தது. மணவிழாப் போன்ற அம்மகிழ்ச்சி, ஒரு நூலைப் படித்து முடித்ததற்காக எழுந்தது!

ஐயர் வியப்பில் ஆழ்ந்தார். தமிழ்ப் புலவர் பலர் கண்ணாலும் காணாத நூல், தாம் பணிபுரியும் ஊரிலேயே ஓதப்பட்டு வந்தது. கல்லூரியில் பாடஞ் சொல்லும் ஆசிரியர் அங்கு மாணவராக அமர்ந்தார். தொடக்கத்தில் வரும் சித்தர் வணக்கம், அருகர் வணக்கம் முதலாக, காப்பியத்துள் மறைந்து கிடந்த சமணக் கருத்துகளை அம்மக்கள் விளக்கினர். சமண நூலறிவு நிரம்பிய இல்லத்தரசி ஒருவரும் தம் கணவர் வாயிலாக ஐயம் களைய உதவினார். பட்டமோ பதவியோ இல்லாதார் தந்த அவ்விளக்கங்களை ஐயர் நன்றியோடு ஏற்றார். பிற்காலத்தில் எழுதிய ‘என் சரித்திரம்’ என்னும் தன்வரலாற்றில் அவ்வுதவியை மறவாது குறித்தார்.

பல சுவடிகளை ஒப்புநோக்கி, நச்சினார்க்கினியர் உரையோடு சீவக சிந்தாமணியை 1887இல் அவர் வெளியிட்டார். சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்னும் முணுமுணுப்பு எழாமல் இல்லை. எனினும் அவர் பணி நிற்கவில்லை. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. இவ்வரிசைக்கெல்லாம் முன்னே நிற்பது சிந்தாமணி.

இதனால் ஐயரின் புகழ் குறைவதில்லை. அது மேலும் விளங்குகிறது. ஓலை எழுத்தைக் காத்தது. கூடிப் படித்தோர் பொருளைக் காத்தனர். இவ்விரண்டும் ஓரிடத்திற் சேர்ந்தபோதே செம்மையான பதிப்புப் பிறந்தது. சேர்த்துவைத்தது ஐயரின் புலமை மட்டுமன்று. வேற்றுச் சமயத்தார் இல்லத்தில் அமர்ந்து, தெரியாததைத் தெரியாதென்று கூறிக் கேட்ட அவரது பணிவுமாகும்.

தேர்வுக்குரிய பகுதியை மட்டும் படித்து நூலை மூடிவிடும் வழக்கம் பெருகியுள்ள இக்காலத்தில், தமிழாசிரியரும் மாணவரும் எண்ணத்தக்கது அந்த வாயில் தோரணம். ஒரு காப்பியத்தை முதற்செய்யுள் தொடங்கி இறுதிவரை பலர் கூடிப் படித்தல் இன்றும் இயலாததன்று. அதற்கு வேண்டுவன ஒரு நூலும், ஒரு திண்ணையும், மாதக்கணக்கில் தளராத ஆர்வமுமே. கும்பகோணத்துச் சமணரிடம் இவற்றினும் மிகுதியாக வேறொன்றும் இருந்ததில்லை.