மிக்கேல் கல்லூரியும் கல்முனைக் கரையும்

கல்முனைக் கரையின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியை ஒதுக்கிவிட முடியாது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்துள்ளேயே அடங்கியிருந்தது. 1873இல் தோன்றிய அக்கத்தோலிக்கக் கல்லூரியை இயேசு சபைத் துறவிகள் வளர்த்தனர். காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் பயின்றபின் அங்கே சென்று கற்றார், ஆசிரியராகவும் பணியாற்றினார். பின்னாளில் விபுலானந்த அடிகளாக விளங்கியவர் அவரே.

விளையாட்டும் அங்கே பாடத்துக்கு இளைத்ததன்று. அமெரிக்கத் துறவியான வெபர் அடிகளின் பெயராலேயே நகரின் விளையாட்டு மைதானம் இன்றும் வழங்குகிறது. கூடைப்பந்தாட்டம் பயிற்றிய ஹேபியர் அடிகள் 1990இல் போரினிடையே காணாமற்போனார்.

ஆயினும், அக்கல்வி யாருக்குக் கிட்டியது? ஆங்கிலம் கற்கக் கட்டணம் வேண்டும். தொலைவூர்ப் பிள்ளை தங்கிப் படிக்கவும் பொருள் வேண்டும். உழவர், மீனவர் பிள்ளைகளுக்கு இவை எட்டாக்கனி. மதமாற்ற அச்சம் முஸ்லிம் பெற்றோரை மேலும் விலக்கி நிறுத்தியது.

இதற்கு விடை கல்முனைக் கரையிலேயே பிறந்தது. 1942இல் அங்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கினார். 1949இல் தோன்றிய பாடசாலையே இன்றைய கல்முனை ஸாஹிராக் கல்லூரி. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் மிஷன் பாடசாலைகளுள் மிகப் பலவற்றை அரசின்கீழ்க் கொணர்ந்தன. மிக்கேல் கல்லூரியும் இன்று அரசின் தேசியப் பாடசாலையே.

கதவு திறந்துவிட்டது, கடமை முடியவில்லை. அன்று சிலருக்குக் கிட்டிய நூலகமும் மைதானமும் நல்லாசிரியரும் வயலோரச் சிற்றூர்ப் பாடசாலைக்கும் கிட்டும்போதே இலவசக் கல்வி என்னும் சொல் முழுப்பொருள் பெறும்.