வைசேடிகம்: எண்ணத்தால் எட்டிய அணு

ஓட்டு வீட்டின் கூரை இடுக்கு வழியே உள்ளே பாயும் வெயிற்கற்றையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் எண்ணற்ற தூசித் துகள்கள் மிதந்து திரியும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய பொருள்களுள் அவையும் அடங்கும். அத்தகைய துகள் ஒன்றை உடைத்தால் என்ன கிடைக்கும்? கிடைத்ததை மேலும் உடைத்தால்? இப்படி உடைத்துக்கொண்டே போவதற்கு ஒரு முடிவு உண்டா, இல்லையா?

இக்கேள்வியை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்த தத்துவப் பிரிவு ஒன்று நம் நாட்டில் இருந்தது. அதன் பெயர் வைசேடிகம். இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அணுவை நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம்" என்று பெருமை கொள்வோர் சிலர். "அது வெறும் தத்துவப் பேச்சு, அதில் அறிவியல் ஏது?" என்று ஒதுக்கிவிடுவோர் வேறு சிலர். இரண்டுமே சரியன்று. ஏன் என்று பார்ப்போம்.

கணாதர் யார்?

வைசேடிகத்தின் மூலநூல் வைசேடிக சூத்திரம். பத்து அத்தியாயங்களில் சுமார் 370 சூத்திரங்கள் கொண்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இது உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இதை இயற்றியவர் கணாதர் என்பது மரபு. உலூகர், காசியபர் என்றும் அவரைக் குறிப்பிடுவர். வடமொழியில் 'கண' என்பது தானிய மணியையும் நுண்துகளையும் குறிக்கும். கணாதர் என்றால் அதை உண்பவர் என்று பொருள். வயலில் சிந்திய மணிகளைப் பொறுக்கி உண்டு வாழ்ந்ததால் இப்பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு.

தமிழருக்கும் இவர் புதியவர் அல்லர். மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். அங்கே வைசேடிகவாதி ஒருவனும் தன் கொள்கையை விளக்குகிறான். கணாதர் பெயரும் அக்காதையில் இடம்பெறுகிறது.

வகைப்படுத்துதலில் பிறந்தது

வைசேடிக சூத்திரம் அணுவைக் கொண்டு தொடங்கவில்லை. தருமத்தை விளக்கப் போவதாகக் கூறியே தொடங்குகிறது. உலகப் பொருள்களின் ஒற்றுமை வேற்றுமைகளை உள்ளபடி அறிந்தால் உயர்ந்த நன்மை கிட்டும் என்பது இம்மரபினரின் நம்பிக்கை. ஆகவே அவர்கள் முதலில் செய்த வேலை, உலகிலுள்ள அனைத்தையும் வகைப்படுத்தியதுதான்.

ஒரு மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழம் என்பது பொருள். இதைத் திரவியம் என்றனர். அதன் மஞ்சள் நிறமும் இனிப்பும் குணங்கள். அது காம்பிலிருந்து கீழே விழுவது கருமம், அதாவது இயக்கம். எல்லா மாம்பழங்களுக்கும் பொதுவான தன்மை சாமானியம். பழத்தோடு அதன் நிறம் பிரியாமல் இணைந்திருக்கும் உறவு சமவாயம். ஒரே மாதிரியான இரண்டு அணுக்களையும் வேறுவேறு என்று பிரித்துக் காட்டும் தனித்தன்மை விசேடம். ஆக மொத்தம் ஆறு. கடைசியாகச் சொன்ன விசேடத்திலிருந்துதான் வைசேடிகம் என்ற பெயரே வந்தது.

முதல் மூன்று வகைகளைக் கவனியுங்கள். மொழியிலுள்ள பெயர்ச்சொல், பண்புச்சொல், வினைச்சொல் ஆகியவற்றை அவை நினைவூட்டவில்லையா? இலக்கண ஆராய்ச்சியின் செல்வாக்கு இதில் உண்டு என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். பழைய மருத்துவ நூலான சரக சங்கிதையும் இதே ஆறு வகைகளை எடுத்தாள்கிறது. உடலில் உள்ள ஒன்றை அதனோடு ஒத்தது பெருக்கும், மாறானது குறைக்கும் என்ற மருத்துவக் கொள்கைக்கு இந்த வகைப்பாடு உதவியது.

மலையும் கடுகும்

வைசேடிகர் கூறும் திரவியங்கள் ஒன்பது: நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், காலம், திசை, ஆன்மா, மனம். இவற்றுள் முதல் நான்கும் அணுக்களால் ஆனவை. அணு பகுக்க முடியாதது, அழிவற்றது, உருண்டையானது.

அணு உண்டு என்பதற்கு இம்மரபினர் காட்டிய காரணம் அழகானது. எல்லாப் பொருளையும் முடிவின்றிப் பகுக்கலாம் என்றால், மேரு மலையிலும் முடிவற்ற பகுதிகள் இருக்கும், கடுகிலும் முடிவற்ற பகுதிகள் இருக்கும். அப்படியானால் மலையும் கடுகும் ஒரே அளவாக அல்லவா இருக்க வேண்டும்? அவ்வாறு இல்லாததால், பகுப்பு ஓரிடத்தில் நின்றே தீர வேண்டும் என்றனர்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பிரசஸ்தபாதர் இக்கொள்கையை விரிவாக்கினார். பச்சை மண்பானையைச் சூளையில் இட்டால் சிவந்து வெளிவருகிறது. நிறம் எங்கே மாறியது? பானை அணுக்களாகப் பிரிந்து, ஒவ்வோர் அணுவும் நிறம் மாறி, மீண்டும் சேர்ந்து பானையாகிறது என்றனர் வைசேடிகர். பானை உருக்குலையாமலே முழுதாக நிறம் மாறுகிறது என்றனர் நியாய மரபினர்.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. பௌத்த அறிஞர் வசுபந்து ஒரு கூர்மையான கேள்வி கேட்டார். ஓர் அணுவை ஆறு பக்கமும் ஆறு அணுக்கள் வந்து தொட்டால், அதற்கு ஆறு பகுதிகள் இருக்க வேண்டுமே. பிறகு அதைப் பகுக்க முடியாதது என்பது எப்படி? இத்தகைய வாதங்களே கொள்கையைக் கூர்தீட்டின.

எங்கே நின்றது?

இரண்டு அணுக்கள் சேர்ந்து ஓர் இரட்டை. மூன்று இரட்டைகள் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் துகள். வெயிற்கற்றையில் மிதக்கும் தூசி அதுவே என்றனர். கணக்குப் பாருங்கள்: ஒரு தூசியில் ஆறே அணுக்கள்! இன்று நாம் அறிந்தபடி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறுக்களவுள்ள மணல் துகளில்கூடப் பல லட்சம் கோடி அணுக்கள் உள்ளன.

இந்த இடைவெளி எதனால்? வைசேடிகரிடம் அறிவுக்கூர்மைக்குக் குறைவில்லை. அளந்து சோதிக்கும் முறைதான் இல்லை. ஜான் டால்டன் 1808இல் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டபோது, தனிமங்கள் சேரும் எடை விகிதங்களை ஆதாரமாகக் கொண்டார். பிரெஞ்சு அறிஞர் ழான் பெரன் 1908 முதல், நீர்மத்தில் நுண்துகள்கள் ஆடும் ஆட்டத்தை அளந்து, மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே கணக்கிட்டுக் காட்டினார். அதன் பிறகுதான் அணுவைப் பற்றிய ஐயம் நீங்கியது.

இன்னொன்றும் உண்டு. வில்லிலிருந்து விடுபட்ட அம்பு ஏன் தொடர்ந்து பறக்கிறது? முதல் உந்துதல் அம்பில் ஒரு வேகத்தை உண்டாக்குகிறது. அது தீர்ந்ததும் எடையால் அம்பு விழுகிறது என்று வைசேடிக சூத்திரம் விளக்குகிறது. எவ்வளவு தெளிவான சிந்தனை! ஆனால் ஊசி காந்தத்தை நோக்கி நகர்வது ஏன் என்று கேட்டால், 'அதிருஷ்டம்' என்கிறது அதே நூல். நாம் இன்று சொல்லும் நல்வாய்ப்பு அன்று. 'காணப்படாதது' என்பதே அச்சொல்லின் பொருள். தீச்சுடர் மேல்நோக்கி எழுவதற்கும், அணுக்கள் முதன்முதலில் அசைந்ததற்கும் அதுவே காரணமாகக் கூறப்பட்டது.

காரணம் தெரியவில்லை என்பதற்குப் பெயர் வைப்பதில் தவறில்லை. பெயர் வைத்ததோடு கேள்வி முடிந்துவிட்டது என்று நினைப்பதே தவறு. மின்சாரமும் காந்தமும் நெருங்கிய உறவுடையவை என்பதை 1820இல் எர்ஸ்டெட் கண்டார். அதற்கு அவருக்குத் துணை நின்றவை ஒரு மின்கலமும், ஒரு கம்பியும், அதே காந்த ஊசியுந்தான்.

வாசகர்களே, கணாதரின் மரபைப் போற்ற வேண்டுமா? டால்டனுக்குப் போட்டியாக அவரை நிறுத்த வேண்டியதில்லை. கண்ணெதிரே உள்ள பானையையும் அம்பையும் தூசியையும் பார்த்து 'ஏன்?' என்று கேட்டாரே, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். விடை தெரியாத இடத்தில் ஒரு பெயரை வைத்துவிட்டு நின்றுவிடாமல், அளந்து பாருங்கள்.