பேரரசருக்கே டிமாண்ட் நோட்டீஸ்!

ராஜாவுக்குக் கடன் கொடுத்துவிட்டு வசூலிக்கப் போனவர் கதை இது.

ஜேக்கப் ஃபுக்கர் (1459-1525), ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து வியாபாரி. தாத்தா நெசவாளி. பேரனோ ஐரோப்பாவின் பெரிய பணக்காரர்! ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துக்கு எப்போதும் பணமுடை. இவர் கடன் கொடுப்பார். பதிலுக்கு டிரோல் சுரங்கத்து வெள்ளியைச் சந்தை விலைக்குக் கீழே எடுத்துக்கொள்வார். வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்ற காலம். விலை வித்தியாசம்தான் வட்டி. கணக்குப் புத்தகத்தில் எங்கும் பாவம் தெரியாது பாருங்கள்!

1519-ல் பேரரசர் மாக்ஸிமிலியன் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க 7 பேருக்கு ஓட்டு. போட்டி, பேரன் சார்லஸுக்கும் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸுக்கும். சார்லஸ் தரப்பு சுமார் 8,50,000 கில்டர் இறைத்தது. அதில் 5,43,000-க்கும் மேல் ஃபுக்கர் பணம். சார்லஸ் ஜெயித்தார். கடன் மட்டும் திரும்பவில்லை...

1523-ல் ஃபுக்கர் நேராகவே கடிதம் எழுதினார்: நான் இல்லாவிட்டால் உங்களுக்கு அந்தக் கிரீடமே கிடைத்திருக்காது, அசலையும் வட்டியையும் கொடுங்கள் என்று. தலை தப்பியது ஆச்சரியம்தான்! ஆனால் சார்லஸுக்கும் அடுத்த போருக்கு வேறு யாரிடம் போவது?

என்னைக் கேட்டால், மாட்டிக்கொண்டது ஃபுக்கர் குடும்பம்தான். பழைய பாக்கி வரவேண்டுமென்றால் புதுக்கடன் கொடுத்தாக வேண்டும். வாராக்கடன் என்று எழுதித் தள்ளவும் முடியாது, மன்னர் மேல் வழக்குப் போடவும் முடியாது. 1557-ல் சார்லஸின் மகன் இரண்டாம் பிலிப் கடன்களைத் திருப்பித் தருவதை நிறுத்தினார். குடும்பத்துக்குப் பலத்த அடி.

மிஞ்சியது, 1521-ல் ஏழைகளுக்காக ஜேக்கப் கட்டிய ஃபுக்கராய் குடியிருப்பு. இன்றும் வருஷ வாடகை ஒரு யூரோவுக்கும் குறைவு. கூடவே, ஃபுக்கர் குடும்பத்துக்காகத் தினம் மூன்று ஜெபம்.