நாடாவில் நின்ற குரல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



1990களில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையாற் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். அந்நாளில் மின்சாரம் இல்லை. பற்றறியும் கடைகளிற் கிடையாது. அப்படிச் சுற்றிய கைகளில் எனதும் ஒன்று. றேடியோவை நிறுத்திக் கசெற் போட்டால் வேறொரு வேடிக்கை நடக்கும். கை தளர்ந்தவுடன் பாடுபவரின் குரல் தடித்துக் கீழே இறங்கும். விசைத்துச் சுற்றினால் மீண்டும் நிமிரும். "ஒரு சீராய்ச் சுத்தடா!" என்று திண்ணையிலிருந்து அதட்டல் வரும். நாடா ஓடும் வேகம் மாறினால் குரல் மாறிவிடும் என்ற ஒலிப்பதிவுக் கலையின் முதற் பாடத்தை நான் கற்றது அந்த முற்றத்திலேதான்.

அந்தக் கசெற்றுக்கு மூத்த தலைமுறை ஒன்று உண்டு. இரண்டு பெரிய சுருள்கள் சுழலும் 'ஸ்பூல்' ஒலிப்பதிவுக் கருவி அது. எங்கள் மண்ணின் குரல்களை அதில் நல்ல முறையில் எப்படிப் பதிந்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

எங்கள் ஊர்க் கூத்துகளையும் தொழிற் பாடல்களையும் ஏட்டிலும் அச்சிலும் ஏற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். முள்ளியவளை தந்த முல்லைமணி வன்னியின் வரலாற்றையும் கலையையும் எழுதினார். ஒலிபரப்புத் துறையிலிருந்து வந்த அருணா செல்லத்துரை, யானையை அடக்கிய அரியாத்தையின் கதையை 'வேழம் படுத்த வீராங்கனை' என்று நூலாக்கினார். ஆனால், நேயர்களே, அச்சிலே நிற்பது சொல். மெட்டு நிற்பதில்லை. குருவிப் பள்ளை வகுப்பிலே வாசித்துக் காட்டலாம். வயலிலே அதைப் பாடியவர் எந்த இடத்தில் இழுத்தார், எந்த இடத்தில் மூச்சு விட்டார் என்பதை எந்தப் பதிப்பாசிரியரும் அடிக்குறிப்பாகத் தர முடியாது.

குரலையே பிடிக்க வேண்டும் என்ற ஆசை பழையது. இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வுப் பணிக்காகத் தமிழ்ப் பேச்சு இசைத்தட்டிற் பதியப்பட்டது. ஆனால், பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இரவு தொடங்கி விடியும்வரை ஆடும் கோவலன் கூத்துக்கு மூன்று நிமிடம் எம்மட்டு? காப்புப் பாடி முடியவே காணாது.

அந்தத் தடையை உடைத்தது நாடா. சிகரெட்டுக் காகிதத்திற்குப் பொன்னிறப் பட்டி இடும் முறையைக் கண்ட பிரிட்ஸ் புளோய்மர் என்ற ஜேர்மனியர், 1928இல் காகிதப் பட்டியிற் காந்தத் தூளைப் பூசி ஒலியைப் பதியும் முறைக்கு உரிமம் பெற்றார். 1935இல் ஏ.ஈ.ஜி. நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மக்னெற்றபோன்' கருவியைக் காட்டியது. 1936 நவம்பர் 19ஆம் திகதி லுட்விக்ஸ்ஹாபன் நகரில் தோமஸ் பீச்சம் நடத்திய லண்டன் பில்ஹார்மொனிக் கச்சேரி நாடாவில் ஏறியது. பதிவோடு உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைக் கலக்கும் நுட்பம் 1940இல் கைவந்த பிறகே இரைச்சல் அடங்கி ஒலி தெளிந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜாக் முல்லின் என்ற அமெரிக்கப் படைப்பொறியியலாளர் இரண்டு கருவிகளைப் பிரித்துத் தம் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். 1947இல் பாடகர் பிங் குறொஸ்பி தம் வானொலி நிகழ்ச்சியை நாடாவிற் பதிந்து ஒலிபரப்பத் தொடங்கினார்.

ஆனால் அந்தக் கருவிகள் கலையகத்துக்கு உரியவை. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கச் சிரமம். வயலுக்கும் கோயில் வீதிக்கும் கருவி போனது, போலந்திற் பிறந்து சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்தெபான் குடெல்ஸ்கி 1951இல் 'நாக்ரா'வைச் செய்த பின்னர்தான். 1961இல் ஜேர்மனியின் 'ஊஹர்' கைக்கருவி வந்தது. ஐந்து பெரிய ரோர்ச் பற்றறியில் ஓடும். தோளிலே கொழுவிக்கொண்டு போகலாம். எங்கள் நாட்டிலும் 1970களில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நாட்டார் இசை ஆய்வுப் பிரிவு, சி. டி. எஸ். குலதிலக்கவின் தலைமையில் கிராமம் கிராமமாகச் சென்று பாடல்களைப் பதிந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

2011ஆம் ஆண்டு, மீள்குடியேறிய காலம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஊரிலே அவரை 'மாஸ்டர்' என்றே அழைப்போம். 2009இல் இடம்பெயருமுன் அவர் வளவின் வேம்படியிற் புதைத்த பிசுக்கோத்துத் தகரத்தைத் தோண்டி எடுத்திருந்தார். பொலித்தீனில் சுற்றிய இரண்டு சுருள்கள் உள்ளே இருந்தன. "பதினொண்டு இருந்தது தம்பி. ஒன்பதைச் சாக்கிலே கொண்டு போனன். சாக்கு வழியிலே போட்டுது" என்றார். மேற்கொண்டு அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவற்றை யாழ்ப்பாணத்தில் பழைய கருவி வைத்திருந்த நண்பரிடம் கொண்டு போனோம். இரண்டும் 1970களில் ஒரே அண்ணாவியாரைப் பதிந்தவை. அந்த அண்ணாவியார் காலமாகிப் பல ஆண்டுகள். முதற் சுருள் ஓடியது. மத்தளம், மத்தளம், மத்தளம். அதன் அடியில், வெள்ளத்தில் அமிழ்ந்தவர் கூப்பிடுவது போல ஒரு குரல். பின்னால் ஜெனரேற்றரின் உறுமல். இரண்டாவது சுருளில் முதலில் அமைதி. பிறகு மாஸ்டரின் இளமைக் குரல்: ஊர், திகதி, பாடுபவர் பெயர், கூத்தின் பெயர். அதன் பின்னால் அண்ணாவியார் எங்கள் முன்னால் வந்து அமர்ந்து பாடினார். அடிக்கு அடி அவர் மூச்சு வாங்குவது கேட்டது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒரே கருவி, ஒரே மனிதர். இந்த வித்தியாசம் எப்படி வந்தது? திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்னதைத் தொகுத்துத் தருகிறேன்.

முதற் சுருள் கோயில் வீதியிற் பதிந்தது. மேடையில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே ஒலிவாங்கியைக் கட்டினார். அது மத்தளத்தின் வாய்க்கு நேரே அமைந்துவிட்டது. "முதல்லே காதைக் கொண்டுபோய் வைக்க வேணும், பிறகுதான் மைக்கை வைக்க வேணும். நான் மாறிச் செய்தன்" என்றார். இரண்டாவதைக் கூத்துப் பழகிய வளவிலே, இரவு எட்டு மணிக்குப் பின்னர் பதிந்தார். முதலில் வளவைச் சுற்றி நடந்து, கண்ணை மூடி நின்று, குரலும் மத்தளமும் அளவாகச் சேரும் இடத்தைக் கண்டுபிடித்தார். மத்தளக்காரரை ஆறேழு முழம் பின்னே இருத்தினார். தகரக் கூரையின் கீழ் ஒலி எதிரொலிக்கும் என்று கிடுகுக் கொட்டிலைத் தெரிந்தெடுத்தார். நாயைக் கட்டச் சொன்னார்.

ஒலிவாங்கியை வாய்க்கு நேரே நீட்டாமல் ஒரு சாண் தள்ளிச் சரித்து வைத்தார். தமிழாசிரியனான எனக்கு இது உடனே விளங்கிற்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல் உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை என்னும் இடங்களில் நின்று எழுத்தாவதைச் சொல்கிறது. பகரம் இதழ் பொருந்தித் திறக்கப் பிறப்பது. நேரே நீட்டிய கருவியில் அந்தக் காற்று மோதினால், 'ப'கரம் வரும் இடமெல்லாம் வெடிச்சத்தம்தான்.

அடுத்தது அளவு. கருவியில் ஒரு முள் ஆடும். மெல்லிய பாட்டைக் கேட்டு அதைக் கூட்டி வைத்தால், அண்ணாவியார் உச்சத்திற் பாடும்போது முள் சிவப்பில் முட்டி ஒலி கிழிந்துவிடும். கிழிந்ததைப் பின்னர் எவராலும் தைக்க முடியாது. ஆகவே, "உங்கட உச்சக் குரலிலே ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ" என்று முதலிற் கேட்டு அதற்கேற்ப அளவை நிறுத்தி, பிறகு அதைத் தொடாமல் விட வேண்டும்.

வேகமும் முக்கியம். விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடினால் ஒலி தெளிவு. மூன்றேமுக்கால் அங்குலமானால் நாடா மிச்சம். 600 அடி கொண்ட ஐந்து அங்குலச் சுருள் ஏழரையில் பதினாறே நிமிடந்தான் வரும். எட்டு மணி நேரக் கூத்துக்கு முப்பது சுருள் வேண்டும். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் அது நடக்குமா? ஆகவே எதைப் பதிவது, எதை விடுவது என்று முன்கூட்டியே பிரதியைப் படித்துத் தீர்மானித்தார். கிடைத்த பதினாறு நிமிடத்திலும் அரை நிமிடத்தை ஊர், பெயர், திகதி சொல்ல ஒதுக்கினார். அந்த அரை நிமிடம் இல்லாவிட்டால், பாடியவர் யாரென்று இன்று சொல்ல ஆள் இருந்திராது.

நேயர்களே, பதிவதோடு வேலை முடிவதில்லை. வெப்பமும் ஈரமும் நாடாவின் பகைவர். அசற்றேற் நாடா பழுதாகினால் புளிக்காடி மணக்கும், இழுத்தால் முறியும். பொலியெஸ்ரர் நாடா முறியாது, நீளும். 1970களிலும் 80களிலும் வந்த சில நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓடும்போது கருவியில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை அளவான சூட்டில் நெடுநேரம் வைத்து உலர்த்தியே ஓட்ட வேண்டும். சுருளில் நெருங்கிக் கிடக்கும் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் ஒட்டி, பாட்டுக்கு முன்னரே அதன் மெல்லிய நிழல் கேட்பதும் உண்டு. அதனால்தான் நாடாவின் கடைநுனி வெளியே இருக்கும்படி சுற்றி வைப்பார்கள். நாடாவுக்கு இன்னொரு ஆபத்து அதன் சிறப்பிலேயே இருந்தது. அழித்து மறுபடி பதியலாம் என்பதால் உலகின் பெரிய ஒலிபரப்பு நிலையங்களே பல பதிவுகளை அழித்துவிட்டன. பீ.பீ.சி.யும் அதற்கு விலக்கன்று.

போர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றுள் இத்தகைய சுருள்களும் அடங்கும். அவற்றுக்கு எவரும் கணக்கெடுக்கவில்லை. வீடு போனால் அத்திவாரம் மிஞ்சும். குரல் போனால் மிஞ்சுவது ஏதுமில்லை.

இன்று என் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் மாஸ்டர் கனவிலும் காணாத ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. நாடா வாங்கத் தேவையில்லை; பதினாறு நிமிட எல்லையும் இல்லை. சென்ற ஆண்டு, ஊரிலே முதியவர்களின் பாடல்களைப் பதிந்து வாருங்கள் என்று அனுப்பினேன். இருபத்துமூன்று பதிவுகள் வந்தன. பலவற்றில் காற்றின் இரைச்சல், மின்விசிறி, பின்னால் தொலைக்காட்சி. நான்கில் மட்டுமே பாடியவர் பெயர் இருந்தது. கைத்தொலைபேசி தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைப்பதால், பாடுபவர் மூச்சு விடும் இடைவெளியில் விசிறியின் ஒலி பொங்கி எழுகிறது. கருவி மாறிவிட்டது; மாஸ்டரின் முதற் சுருளில் நடந்த தவறு மாறவில்லை.

நான் அவர்களைத் திட்டவில்லை. மாஸ்டரின் இரண்டு சுருள்களையும் வகுப்பிலே அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். பிறகு ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன்: விசிறியை நிறுத்து. கண்ணை மூடிக் கேள். உச்சக் குரலைச் சோதி. ஊரும் பெயரும் திகதியும் சொல். இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்றவை எண்ணிம வடிவில் ஆவணங்களைச் சேர்த்துக் காக்கின்றன. அந்த இரண்டாவது இடம் அப்படி ஒன்றாக இருப்பது நல்லது.

இரண்டாம் முறை போனவர்களில் ஒரு மாணவி, தன் அப்பம்மா பாடிய பன்றிப் பள்ளைக் கொண்டுவந்தாள். தொடக்கத்தில் ஊர், திகதி, பெயர். பிறகு ஒரு கணம் அமைதி. அந்த அமைதிக்குள், "இப்ப பாடட்டே பிள்ளை?" என்று கிழவி கேட்பதும் பதிவாகியிருந்தது. அதை அழித்துவிடவா சேர் என்று மாணவி கேட்டாள். வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும் என்றேன்.