டிராக்டர் முன் சுமையேற்றி

டிராக்டர் முன் சுமையேற்றி என்பது உழவு இயந்திரத்தின் (டிராக்டர்) முன்பகுதியில் பொருத்தப்படும், மண், மணல், எரு, வைக்கோல் கட்டு போன்றவற்றை அள்ளவும் தூக்கவும் கொட்டவும் பயன்படும் ஒரு துணைக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது லோடர் எனப்படுகிறது. பலர் கூடிச் செய்ய வேண்டிய அள்ளும் வேலையை ஒருவர் இருக்கையில் அமர்ந்தபடியே செய்து முடிக்க இக்கருவி உதவுகிறது. ஆனால் டிராக்டர் அடிப்படையில் பின்னால் உள்ள கருவியை இழுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட வண்டி. முன்னால் சுமையைத் தூக்கும்போது அதன் சமநிலை முற்றிலும் மாறிவிடுகிறது. முன் சுமையேற்றி தொடர்பான பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறந்தவையே.

அமைப்பு

முன் சுமையேற்றியின் முதன்மையான உறுப்புகள் பின்வருமாறு:

* தாங்கு சட்டகம் – டிராக்டரின் உடற்பகுதியோடு இருபுறமும் திருகாணிகளால் இறுக்கப்பட்டது. சுமையேற்றியின் எடை முழுவதையும் இது தாங்குகிறது.
* தூக்கு கைகள் – சட்டகத்திலிருந்து முன்னோக்கி நீளும் இரு எஃகுக் கைகள்.
* தூக்கு உருளைகள் – கைகளை உயர்த்தவும் தாழ்த்தவும் பயன்படும் ஐதரோலிக் உருளைகள்.
* சாய்வு உருளைகள் – வாளியை முன்னோக்கிக் கவிழ்க்கவும் பின்னோக்கி மடக்கவும் பயன்படுவன.
* வாளி – பொருளை அள்ளும் பகுதி. பேச்சு வழக்கில் பக்கெட் எனப்படும். இதற்குப் பதிலாக எருக்கவை, வைக்கோல் கட்டைக் குத்தித் தூக்கும் ஈட்டி, பலகைக் கவை ஆகியவற்றையும் பொருத்தலாம்.
* கட்டுப்பாட்டு வால்வு – ஓட்டுநரின் கைப்பிடியோடு இணைந்து, எண்ணெய் எந்த உருளைக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது.

எஞ்சினால் இயங்கும் எண்ணெய்ப் பம்பி உயர் அழுத்தத்தில் எண்ணெயை உருளைக்குள் செலுத்துகிறது. அவ்வழுத்தம் உந்துதண்டைத் தள்ள, கைகள் உயர்கின்றன. அளவுக்கு மீறிய சுமை ஏற்றப்பட்டால், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு திறந்து, தூக்குவதை நிறுத்திவிடும். எனினும், ஐதரோலிக் அமைப்பால் தூக்க முடிகிற சுமை அனைத்தையும் டிராக்டரால் பாதுகாப்பாகச் சுமந்து செல்ல முடியும் என்று கொள்ளலாகாது. இவை இரண்டும் வெவ்வேறு எல்லைகள்.

வரலாறு

தொடக்ககாலச் சுமையேற்றிகள் கம்பிவடத்தால் தூக்கப்பட்டன. வாளியின் தாழ்ப்பாளை விடுவித்தால் அது தன் எடையால் கவிழ்ந்து பொருளைக் கொட்டும். டிராக்டர்களில் ஐதரோலிக் அமைப்பு பரவிய பின்னரே இன்றைய வடிவம் உருவாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1940களின் இறுதியில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல நிறுவனங்கள் ஐதரோலிக் சுமையேற்றிகளை விற்கத் தொடங்கின. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945 இல் தொடங்கிய நிறுவனம், ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரில் பொருத்தக்கூடிய சுமையேற்றியை உருவாக்கியது. அதே நிறுவனம் 1953 இல் முன்னால் சுமையேற்றியும் பின்னால் தோண்டு கையும் கொண்ட இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அந்நிறுவனரின் பெயரின் முதலெழுத்துகளே தமிழ்நாட்டில் இன்று மண்தோண்டும் இயந்திரத்திற்குப் பொதுப்பெயராக வழங்கும் "ஜேசிபி" ஆகும்.

சமநிலை

முன் சுமையேற்றி பொருத்திய டிராக்டரை ஒரு நெம்புகோலாகக் கருதலாம். முன் அச்சு அதன் ஆதாரப்புள்ளி. வாளியில் உள்ள சுமை ஒருபுறமும் டிராக்டரின் எடை மறுபுறமும் இருக்கின்றன. சிறுவர் ஆடும் ஏற்றப்பலகையில் ஒருபுறம் கனமானவர் அமர்ந்தால் மறுபுறம் மேலெழுவதைப் போல, வாளியில் சுமை ஏறும்போது பின் அச்சின் மீதுள்ள எடை குறைகிறது.

எடுத்துக்காட்டாக, சுமையேற்றியையும் சேர்த்து 2000 கிலோகிராம் எடையுள்ள ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். வாளி காலியாக இருக்கையில் முன் அச்சில் 900 கிலோகிராமும் பின் அச்சில் 1100 கிலோகிராமும் அழுந்துகின்றன எனவும், இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர் தொலைவு உள்ளது எனவும் கொள்வோம். முன் அச்சிலிருந்து 1.5 மீட்டர் முன்னால் உள்ள வாளியில் 500 கிலோகிராம் மணல் அள்ளப்பட்டால்:

* பின் அச்சில் குறையும் எடை = 500 × 1.5 ÷ 2 = 375 கிலோகிராம்
* பின் அச்சில் எஞ்சும் எடை = 1100 – 375 = 725 கிலோகிராம்
* முன் அச்சின் மொத்த எடை = 900 + 500 + 375 = 1775 கிலோகிராம்

அதாவது 500 கிலோகிராம் சுமைக்கு முன் அச்சின் மீது 875 கிலோகிராம் கூடுகிறது. முன் அச்சின் தாங்கிகளும் டயர்களும் விரைவில் தேய்வதற்கும், திருப்புவளையம் கனப்பதற்கும் இதுவே காரணம். அதைவிட முக்கியமானது பின்புறம் நிகழ்வது. பெரும்பாலான வேளாண் டிராக்டர்களில் பிரேக்குகள் பின் சக்கரங்களில் மட்டுமே உள்ளன. இரு சக்கர இயக்கமுள்ள டிராக்டர்களில் உந்துவிசையும் பின் சக்கரங்களுக்கே செல்கிறது. பின் சக்கரங்களின் எடை குறைந்தால் தரையோடு அவற்றுக்குள்ள உராய்வும் குறைகிறது. பிரேக்கை முழுமையாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குமே தவிர, வண்டி நிற்காது. மேலும், ஓடும் வண்டியில் திடீரெனப் பிரேக் பிடித்தால் எடை இன்னும் முன்னோக்கிச் சாய்ந்து, பின் சக்கரங்கள் தரையை விட்டு எழவும் கூடும்.

பின் எதிர் எடை

இக்குறையை ஈடுசெய்யப் பின்புறத்தில் எதிர் எடை பொருத்தப்படுகிறது. டிராக்டரின் மும்முனை இணைப்பில் மாட்டப்படும் கற்காரைக் கட்டியோ கல் நிரப்பிய பெட்டியோ இதற்கு ஏற்றது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் பின் அச்சிலிருந்து 1 மீட்டர் பின்னால் 400 கிலோகிராம் எதிர் எடை தொங்கவிடப்பட்டால், பின் அச்சின் எடை 725 இலிருந்து 1325 கிலோகிராமாக உயர்கிறது. முன் அச்சின் எடை 1775 இலிருந்து 1575 கிலோகிராமாகக் குறைகிறது. வண்டியின் மொத்த எடை கூடியபோதிலும் முன் அச்சின் பளு குறைவது கவனிக்கத்தக்கது.

பின் சக்கரங்களில் எடை வளையங்களை மாட்டுவதும் டயர்களுக்குள் நீர்மம் நிரப்புவதும் பின் சக்கரங்களின் பிடிப்பைக் கூட்டும். ஆனால் அவற்றின் எடை பின் அச்சிலேயே அமைவதால் முன் அச்சின் பளுவை அவை குறைப்பதில்லை. எவ்வளவு எதிர் எடை தேவை என்பது டிராக்டர், சுமையேற்றி ஆகியவற்றின் கையேடுகளில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

சுமையின் உயரம்

சுமை உயர உயர ஈர்ப்பு மையமும் உயர்கிறது. அதே டிராக்டரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொண்டால், 500 கிலோகிராம் சுமையை 0.4 மீட்டர் உயரத்தில் சுமக்கும்போது கூட்டு ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 0.72 மீட்டர் உயரத்தில் அமையும். அதே சுமையை 3 மீட்டர் உயர்த்தினால் அது 1.24 மீட்டர் ஆகிவிடும்.

டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு முளையில் பொருத்தப்பட்டு இருபுறமும் ஊசலாடக்கூடியது. எனவே வண்டி உண்மையில் நான்கு புள்ளிகளில் அன்றி, இரு பின் சக்கரங்கள், முன் முளை ஆகிய மூன்று புள்ளிகளில் நிற்பதாகவே கொள்ள வேண்டும். இம்முக்கோணத்தின் முன்முனை குறுகலானது. முன்னால் சுமை ஏறும்போது ஈர்ப்பு மையம் அக்குறுகிய முனையை நோக்கி நகர்கிறது. சுமையை உயர்த்தும்போது மேலேயும் செல்கிறது. இந்நிலையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ, வண்டி விரைவாகத் திரும்பினாலோ பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும். இதனாலேயே சுமையைத் தரையிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில், முன்வழி மறையாதவாறு கொண்டு செல்ல வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கைப்பிடி

ஒற்றைக் கைப்பிடி கொண்ட சுமையேற்றிகளில் பொதுவாகப் பின்வரும் அசைவுகள் உள்ளன:

* பின்னால் இழுத்தல் – கைகள் உயரும்
* முன்னால் தள்ளுதல் – கைகள் தாழும்
* இடப்புறம் – வாளி பின்னோக்கி மடங்கும்
* வலப்புறம் – வாளி கவிழ்ந்து கொட்டும்
* முன்னால் முழுவதும் தள்ளுதல் – மிதவை நிலை. வாளி தரையின் மேடுபள்ளத்திற்கு ஏற்பத் தானே ஏறி இறங்கும்

மிதவை நிலையில் கைகளைத் தாங்கும் அழுத்தம் நீங்கிவிடுகிறது. உயர்த்திய சுமையோடு இந்நிலைக்கு மாற்றினால் சுமை கட்டுப்பாடின்றி விழும். எனவே வாளி தரையில் இருக்கும்போது மட்டுமே இதனைப் பயன்படுத்த வேண்டும்.

எளிய வகைச் சுமையேற்றிகளில் கைகள் உயரும்போது தரையை ஒப்பிடுகையில் வாளி பின்னோக்கிச் சாயும். ஓட்டுநர் அவ்வப்போது வாளியைச் சமன் செய்யாவிட்டால் பொருள் வாளியின் பின்விளிம்பைத் தாண்டி அவர் மீதே விழக்கூடும். மேலை நாடுகளில் உருளை வடிவ வைக்கோல் கட்டுகளைச் சாதாரண வாளியில் தூக்கும்போது, அவை கைகளின் வழியே உருண்டு வந்து ஓட்டுநரை நசுக்கிய விபத்துகள் உண்டு. இத்தகைய கட்டுகளுக்கு ஈட்டியோ பற்றுக்கருவியோ பொருத்துவது இன்றியமையாதது.

புதியவர்களுக்கான பயிற்சி முறை

1. ஆட்கள் இல்லாத சமதரையில், காலி வாளியோடு கைப்பிடியின் அசைவுகளைப் பழக வேண்டும். கைப்பிடியைப் பார்க்காமலேயே வாளியை விரும்பிய நிலையில் நிறுத்த முடியும்வரை சுமை ஏற்றக் கூடாது.
2. இடது, வலது பிரேக் மிதிகளைத் தாழிட்டு ஒன்றாக இணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சட்டெனத் திரும்பும்.
3. குவியலை நேராக, தாழ்ந்த கியரில், வாளியின் அடிப்பகுதி தரைக்கு இணையாக இருக்க அணுக வேண்டும். வேகமாக வந்து மோதக் கூடாது.
4. வாளி குவியலுக்குள் நுழைந்ததும் மெல்லப் பின்னோக்கி மடக்கித் தூக்க வேண்டும். ஒரு மூலையால் மட்டும் அள்ளினால் கைகள் முறுக்கிக்கொள்ளும்.
5. முதலில் அரை வாளியோடு பழகுவது நன்று. ஈர மண் உலர்ந்த எருவைவிடப் பன்மடங்கு கனமானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.
6. பின்னோக்கி வரும் முன் பின்னால் ஆளில்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பின்வாங்கிய உடனே வாளியைச் சுமக்கும் உயரத்திற்குத் தாழ்த்த வேண்டும்.
7. நடை வேகத்தில் சென்று, அகன்ற வளைவில் திரும்ப வேண்டும்.
8. கொட்டும் வண்டியை நேராக நெருங்கி நின்ற பிறகே வாளியை உயர்த்த வேண்டும். கொட்டியதும் சமன்செய்து, நேராகப் பின்வாங்கி, வாளியைத் தாழ்த்திய பின்னரே திரும்ப வேண்டும்.

திருப்புவளையம் வழக்கத்திற்கு மாறாகக் கனத்தாலோ, பின் சக்கரம் தரையில் சுழன்று நழுவினாலோ சுமை மிகுந்துவிட்டது எனக் கொள்ளலாம். பின்புறம் எழுவதை உணர்ந்தால் உடனே சுமையைத் தரைக்கு இறக்க வேண்டும்.

சாய்வான நிலம்

சாய்வில் குறுக்காகச் செல்வதைத் தவிர்த்து, நேராக ஏறவோ இறங்கவோ வேண்டும். கனமான பகுதி எப்போதும் மேட்டுப்பக்கம் இருப்பது பொதுவிதி. அதன்படி, நிறைந்த வாளியோடு ஏறும்போது முன்னோக்கியும் இறங்கும்போது பின்னோக்கியும் ஓட்ட வேண்டும். பின்னோக்கி இறங்கும்போது பிரேக் உள்ள பின் சக்கரங்கள் பள்ளப்பக்கம் அமைந்து கூடுதல் எடையைப் பெறுகின்றன. நான்கு சக்கர இயக்கம் இருப்பின் அதனை இணைத்துக்கொள்ள வேண்டும். இயக்கம் இணைந்திருக்கையில் முன் சக்கரங்களும் வண்டியைத் தடுத்து நிறுத்த உதவும். சரிவில் கியரை நடுநிலையில் வைத்து இறங்கக் கூடாது.

பிற ஆபத்துகள்

* மின்கம்பி: வாளியை உயர்த்தும் முன் மேலே நோக்க வேண்டும். கம்பியைத் தொட்டுவிட்டால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து, மின்சாரம் துண்டிக்கப்படும்வரை மற்றவர் எவரும் நெருங்காதவாறு எச்சரிக்க வேண்டும். தீப்பற்றினால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து விலக வேண்டும்.
* எண்ணெய்க் கசிவு: குழாயில் ஊசித்துளை ஏற்பட்டால் அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே அறுவை மருத்துவம் செய்யாவிட்டால் உறுப்பையே இழக்க நேரிடலாம். கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டைத்துண்டால் சோதிக்க வேண்டும்.
* உயர்த்திய கைகளின் கீழ் நிற்றல்: குழாய் வெடித்தாலோ, எவரேனும் கைப்பிடியைத் தட்டினாலோ கைகள் விழும். பழுதுபார்க்கும்போது எஃகு முட்டுக் கொடுக்காமல் கீழே செல்லக் கூடாது.
* வாளியில் ஆட்களை ஏற்றுதல்: மரம் வெட்டவோ விளக்கு மாட்டவோ வாளியை ஏணியாகப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்தானது.

வேலை முடிந்ததும், சிறிது நேரமே இறங்குவதாயினும், வாளியைத் தரையில் இறக்கி, நிறுத்து பிரேக்கை இட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும்.

கவிழ்வுக் காப்புச் சட்டகம்

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காப்பது, இருக்கையைச் சூழ்ந்த உறுதியான எஃகுச் சட்டகமாகும். புதிய டிராக்டர்களில் இது இருக்க வேண்டும் என்று சுவீடன் 1959 இல் கட்டாயமாக்கியது; அதன் பின் அந்நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் பணியாளர்கள் ஓட்டும் புதிய டிராக்டர்களுக்கு 1976 இல் இது கட்டாயமானது. சட்டகம் உள்ள வண்டியில் இருக்கைப் பட்டியை அணிவது கட்டாயம். பட்டி அணியாதவர் தூக்கியெறியப்பட்டுச் சட்டகத்தின் அடியிலேயே சிக்கலாம். சட்டகம் இல்லாத வண்டியில் பட்டி அணியக் கூடாது. முன்னிரு தூண்களின்றிப் பின்னால் மட்டும் அமைந்த சட்டகம், மேலிருந்து விழும் பொருளிலிருந்து காக்காது. அதற்கு வலுவான கூரை தேவை.

ஜேசிபி வகை இயந்திரங்களோடு வேறுபாடு

தமிழ்நாட்டில் பலர் முதலில் காண்பது ஜேசிபி வகை இயந்திரத்தையே. அது அள்ளுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பின்னாலுள்ள தோண்டு கை அதற்கு இயல்பாகவே எதிர் எடையாகவும் அமைகிறது. அதில் பழகிய ஓட்டுநர், காலியான பின்புறம் கொண்ட டிராக்டர் சுமையேற்றியிலும் அதே வேகத்தையும் அதே நிறைவாளியையும் எதிர்பார்த்தல் தவறு. தோற்றத்தில் இரண்டும் ஒத்திருப்பினும் டிராக்டரின் சமநிலை, பின்னால் என்ன தொங்குகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* உழவு இயந்திரம்
* நெம்புகோல்
* ஈர்ப்பு மையம்
* மும்முனை இணைப்பு