நத்தைக் கறியும் நம் வரலாறும்

மன்னார்புரத்தில் என் அத்தை நத்தை சமைக்கிற அன்று தெருக்கதவைச் சாத்திவிடுவாள். வாடகை வீடு. "வாசம் வெளிய போனா வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிரும்டா" என்பாள்.

அத்தை பிறந்தது கொள்ளிடக் கரைச் சேரி ஒன்றில். நத்தைகளை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவைப்பாள், சேற்றைக் கக்கிவிடும். காலையில் நன்றாக வேகவைத்து, ஊக்கால் சதையைக் குத்தி இழுத்து, வாய்மூடியையும் குடலையும் நீக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு வழவழப்பு போகிறவரை அலசுவாள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் சேர்த்துச் சுருள வதக்குவாள். சோறு வடிப்பதற்கு முன்பே எங்கள் கையில் ஆளுக்கு நாலு விழும். இப்படிச் சோற்றுக்கு முன்னால் தின்பதைத்தான் பெரிய ஓட்டல்களில் 'ஸ்டார்ட்டர்' என்கிறார்கள்.

இது எப்போது மறைத்துத் தின்கிற பண்டமானது? சிறுபாணாற்றுப்படையில் மருதநிலத்து உழவர் வீட்டில் பாணனுக்கு வெண்சோற்றோடு நண்டுக் கறி கிடைக்கிறது. வயல் நண்டு அன்று விருந்து.

பின்னால் காவிரிக்கரை நிலங்கள் பிரமதேயமாகவும் தேவதானமாகவும் கொடுக்கப்பட்டன. சேற்றில் இறங்கியவர்கள் நம்மவர்கள், நெல் நம்முடையதல்ல. நெல்லுக்குக் கணக்கு இருந்தது. நண்டுக்கும் நத்தைக்கும் எலிக்கும் கணக்கு இல்லை. கணக்கில் வராததே நமக்கு மிஞ்சியது. கூலி உயர்வு கேட்டபோது என்ன நடந்தது என்பதற்குக் கீழவெண்மணி சாட்சி: 1968 டிசம்பர் 25, 44 உயிர்கள்.

தின்பதால் ஒருவர் இழிந்தவராவதில்லை; இழிந்தவராக்கப்பட்டவர் தின்பது இழிவாக்கப்படுகிறது. மாட்டுக்கறியை முன்வைத்து, தீண்டாமையின் தோற்றம் பற்றிய தம் 1948ஆம் ஆண்டு நூலில் உணவுக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் ஆராய்ந்தார். அந்தக் கேள்வியை நாம் நத்தைவரை கொண்டுவர வேண்டும்.

கடல் கடந்தும் பார்க்கலாம். நத்தையின் உறவான ஆளி, 19ஆம் நூற்றாண்டில் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏழைகளின் மலிவுத் தீனி. நியூயார்க்கில் தாமஸ் டவுனிங் என்ற கறுப்பர் 1825இல் ஆளி உணவகம் திறந்தார். மேலே வெள்ளைக்காரப் பணக்காரர்கள் ஆளி தின்றார்கள். கீழே நிலவறையில் தப்பி வந்த அடிமைகளுக்கு அவர் புகலிடம் கொடுத்தார். பிறகு அளவில்லாமல் அள்ளியதாலும் சாக்கடை கலந்ததாலும் ஆளி அருகியது, விலை ஏறியது, அதன் சாதியும் ஏறியது!

நம் வயல்களிலும் அருகியது. 1960களில் பசுமைப் புரட்சி வந்தது. உர மூட்டையோடு எண்ட்ரினும் வந்தது. நண்டும் நத்தையும் செத்து மிதந்தன. நெல் விளைச்சல் கூடியதை அரசு எழுதிவைத்தது. சேரிச் சட்டியில் குறைந்ததை யாரும் எழுதவில்லை.

இப்போது மூலத்துக்கு நல்லது என்று ஊர்த்தெருக்காரர்களும் நத்தை தேடி வருகிறார்கள். அத்தை சிரிக்கிறாள்: "அவங்க தின்னா மருந்து, நாம தின்னா நாத்தமா?"

தோழர்களே, உங்கள் பாட்டிகளிடம் கேளுங்கள். என்ன தின்றார்கள், எந்த வாய்க்காலில் பிடித்தார்கள், எப்படிச் சமைத்தார்கள், யாருக்காகக் கதவைச் சாத்தினார்கள். எழுதுங்கள். கல்வெட்டில் நம் சட்டி இல்லை. நம் கையெழுத்திலாவது இருக்கட்டும்.