வந்த வழியும் நின்ற இடமும்

அயல் மாநிலங்களில் வாழும் நாம் நிரப்பும் விண்ணப்பங்களில் தற்போதைய முகவரி, நிலையான முகவரி என இரண்டு கட்டங்கள் உண்டு. கணிப்பொறிக் கோப்புகளுக்கும் இத்தகைய இரட்டை முகவரி வாய்த்த வரலாறு நாம் அறியத்தக்கது.

மல்டிக்ஸ் என்னும் அமைப்புக்காக டேலி, நியூமன் ஆகிய இருவர் 1965-ல் எழுதிய கட்டுரையிலேயே, ஓரிடத்துக் கோப்பை வேறோரிடத்திலிருந்து சுட்டும் ‘இணைப்பு’ என்னும் கருத்து காணப்படுகிறது. 1971-ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டில், ஒரே கோப்புக்குப் பல பெயர் சூட்டும் வசதி இருந்தது. ஆயினும் ஒரு வட்டிலுள்ள கோப்புக்கு மற்றொரு வட்டில் பெயர் சூட்ட இயலவில்லை. 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பு இக்குறையைப் போக்கிற்று. அதில் இடம்பெற்ற குறியீட்டு இணைப்பு, மற்றொரு கோப்பின் பாதையை எழுத்தாக மட்டும் தன்னுள் தாங்கியது. சுட்டப்பட்ட கோப்பு அழிந்தாலும் சுட்டும் இணைப்பு எஞ்சி நிற்கும்.

நன்மையோடு குழப்பமும் வந்தது. ‘இல்லம்’ என்னும் அடைவிலுள்ள ஓர் இணைப்பின் வழியே, ‘களஞ்சியம்’ என்னும் அடைவின் உட்பிரிவு ஒன்றை நாம் அடைந்தோம் எனக் கொள்வோம். அங்கிருந்து ஒரு படி மேலே செல்வதென்றால், வந்த வழியே மீள்வதா, நின்ற இடத்திற்கு மேலுள்ளதை அடைவதா?

நம் கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். 1980-களில் டேவிட் கார்ன் ஆக்கிய ஷெல் வந்த வழியை நினைவில் வைத்தது. இன்றைய பாஷ் ஷெல்லும் அவ்வாறே செய்கிறது. ஆகவே, இரட்டைப் புள்ளியோடு ‘சிடி’ கட்டளை தந்தால் ‘இல்லம்’ திரும்புகிறோம். அதே இரட்டைப் புள்ளியைக் கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையில் இட்டாலோ, அது ‘களஞ்சிய’த்தையே குறிக்கும். இல்லத்துப் பழங்கோப்பை நீக்குவதாக எண்ணி, களஞ்சியத்தில் அதே பெயருடன் இருக்கும் அரிய கோப்பை நாம் இழக்கக்கூடும். அழித்ததை மீட்டுத் தரும் எதிர்க்கட்டளை ‘ஆர்எம்’முக்கு இல்லை.

இதற்குத் தீர்வும் ஷெல்லிலேயே உண்டு. நம் பொதுப்பணித் துறையின் பெயர்ச்சுருக்கத்தை ஒத்த ‘பிடபிள்யூடி’ கட்டளை, வந்த வழியைச் சொல்லும். அதனுடன் சிறுகோடும் பெரிய ‘பி’ எழுத்தும் சேர்த்தால் நின்ற இடத்தைச் சொல்லும். ‘ரீட்லிங்க்’ கட்டளை, இணைப்பில் எழுதியிருப்பதை மட்டும் படித்துக் காட்டும். ‘ரியல்பாத்’ கட்டளையோ இணைப்புக்குப் பின் இணைப்பாக இறுதிவரை தொடர்ந்து சென்று மெய்ப்பாதையைத் தரும். க்னூ அடிப்படைக் கருவித் தொகுப்பில் இக்கட்டளை 2012-ல் சேர்ந்தது.

ஆதலின், அழித்தல் போன்ற மீளாச் செயல்களைத் தொடங்குமுன் மெய்ப்பாதையை ஒருமுறை கேட்டறிதல் நன்று. அதற்கு ஒரு வரி போதும்.